நெல்லுக்கு வேலி கட்டிய சுவாமி

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிறவர்கள் சாரலைத் தேடித்தான் போகிறார்கள். போன புரட்டாசியில் இலஞ்சிப் பக்கம் அதே சாரல் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கார் நெல்லை அறுத்து ரோட்டோரம் காயப்போட்டிருந்தார்கள். மலையில் மேகம் இறங்கியதுதான் தாமதம், ஆச்சி ஒருவர் பலகையோடு ஓடினார். "ஏய்யா, சாரல் விழுதுல்லா, அந்தத் தார்ப்பாய் முனையைப் பிடி!" பிடித்தேன். குவித்த நெல்லில் இன்னும் வெயில் சூடு இருந்தது.

கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். நாலு மாசப் பாடு அந்த ஐந்து நிமிட ஓட்டத்தில் இருக்கிறது.

இந்தப் பதைப்புக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. திருநெல்வேலிக்கு வேணுவனம் என்று பெயர் இருந்த காலத்துக் கதை. வேதசர்மா வீடு வீடாக நெல் வாங்கிவந்து சுவாமிக்கு அமுது படைப்பவர். ஒருநாள் சன்னதி முன்னால் நெல்லைக் காயப்போட்டுவிட்டுத் தாமிரபரணிக்குக் குளிக்கப் போனார். மழை கொட்டியது. அடித்துப் பிடித்து ஓடிவந்தால், சுற்றிலும் தண்ணீர். நெல் கிடந்த இடம் மட்டும் வேலி போட்டதுபோல் காய்ந்து கிடந்தது. சுவாமி நெல்லையப்பர் ஆனார், ஊர் நெல்வேலி ஆனது. தைப்பூசத் திருவிழாவில் இன்றும் இந்தத் திருவிளையாடலை நடத்துகிறார்கள். களத்தில் நின்று மழைக்குப் பயந்த ஒருவர்தான் இந்தக் கதையை முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜப்பானில் இசே ஆலயத்தில் அக்டோபரில் புது அரிசியை முதலில் அமத்தெராசு தேவிக்குப் படைக்கிறார்கள். சபரிமலையில் நிறைபுத்தரிசிக்குக் கதிர்க்கட்டு வருகிறது. இரண்டும் விளைந்ததற்கு நன்றி சொல்லும் வழிபாடு. நெல்லையப்பர் கதை நிற்குமிடம் வேறு: அறுத்தாகிவிட்டது, பானைக்கு இன்னும் வரவில்லை. விவசாயிக்கு உயிர் போய் உயிர் வருவது அந்த இடைவெளியில்தான்.

குற்றாலத்தையும் நெல்வேலியையும் சம்பந்தர் பாடியிருக்கிறார். 2019-இல் தென்காசி திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஆனாலும் அருவித் தண்ணீர் சிற்றாறாகி, வழியெல்லாம் வயலுக்குப் பாய்ந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடுதான் சேர்கிறது.

அரை மணி நேரத்தில் சாரல் விட்டது. தார்ப்பாயை உதறி மடித்தோம். ஆச்சி ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். 'கடக்' என்று கேட்கவில்லை. உமியைத் துப்பிவிட்டு மலையைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு காய்ச்சல் காயணும்."