மேசையை அளந்த பின் திரையை வாங்குவோம்

மும்பைப் புறநகரில் உள்ள எங்கள் கிளைக்கு, மே மாதத்தில் ஒரு நாள் காலை, நீண்ட கால வாடிக்கையாளர் ஒருவர் தம் மகனுடன் வந்தார். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று மாதம் 1,500 ரூபாய் வீதம் 48 மாதங்களுக்குத் தொடங்கிய தொடர் வைப்பு அது. 24 தவணைகள் ஒருமுறைகூடத் தவறாமல் செலுத்தப்பட்டிருந்தன. அதை அப்போதே முடித்துப் பணத்தைத் தர வேண்டும் என்று கேட்டார். "பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தால் விளையாட்டுக்கு ஏற்ற பெரிய கணினித் திரை வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன் சார்" என்றார்.

படிவம் நிறைவாக இருந்தது. கையொப்பமும் பொருந்தியது. முதிர்வுக்கு முன் முடித்தால் வட்டி குறையும் என்பதைத் தெரிவித்தோம். ஏறத்தாழ 38,000 ரூபாய் அன்று மாலைக்குள் அவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.

மூன்று மாதங்களுக்குப் பின் அவர் மீண்டும் வந்தார். இம்முறை கேட்டது 45,000 ரூபாய் தனிநபர் கடன். 32 அங்குல, 4கே திரை வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் பழைய கணினியால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. படம் திக்கித் திக்கி நகர்கிறதாம். புதிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அந்தக் கார்டுக்குக் கூடுதல் மின்சாரம் தருகிற எஸ்.எம்.பி.எஸ். வேண்டும். பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரையைத் திரும்பப் பெறக் கடைக்காரர் மறுத்துவிட்டார்.

மே மாதத்தில் நாங்கள் படிவத்தைச் சரிபார்த்தோம். "வீட்டில் என்ன கணினி இருக்கிறது?" என்ற ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. வணிகவியல் படித்துவிட்டு வைப்புகளோடும் கடன்களோடும் பழகிய எங்களுக்கு, அது கேட்க வேண்டிய கேள்வி என்பதே தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகு தேடிக் கற்றதை, இதே முடிவை எடுக்கவிருக்கும் வாடிக்கையாளர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறோம்.

அங்குலம் வேறு, புள்ளி வேறு

திரையின் அளவு மூலைக்கு மூலை அளக்கப்படுகிறது. 24 அங்குலத் திரை ஏறத்தாழ 53 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. 27 அங்குலத் திரையின் அகலம் 60 சென்டிமீட்டர். 32 அங்குலத் திரையின் அகலம் 71 சென்டிமீட்டர். 24-க்கும் 32-க்கும் இடையே எட்டு அங்குலமே வேறுபாடு எனத் தோன்றும். பரப்பளவிலோ பெரியது சிறியதைப் போல் 1.78 மடங்கு.

தெளிவுத்திறன் என்பது வேறு கணக்கு. திரையில் உள்ள பிக்சல்கள், அதாவது ஒளிப்புள்ளிகள், எத்தனை என்பதே அது. ஃபுல் எச்.டி. எனப்படும் திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 என மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. கியூ.எச்.டி. திரையில் 2,560-க்கு 1,440 என 36,86,400 புள்ளிகள். 4கே திரையில் 3,840-க்கு 2,160 என 82,94,400 புள்ளிகள். இது ஃபுல் எச்.டி.யைப் போல் சரியாக நான்கு மடங்கு.

இவ்விரண்டு கணக்குகளும் சேரும்போதுதான் படத்தின் கூர்மை பிறக்கிறது. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புள்ளிகள் அடங்குகின்றன என்று பார்க்க வேண்டும். 24 அங்குல ஃபுல் எச்.டி. திரையில் இது 92. அதே ஃபுல் எச்.டி.யை 27 அங்குலத்தில் வாங்கினால் 82 ஆகக் குறைகிறது. எழுத்துகளின் ஓரங்கள் சொரசொரப்பாகத் தோன்றும். 27 அங்குலத்தில் கியூ.எச்.டி. என்றால் 109. 32 அங்குலத்தில் கியூ.எச்.டி. என்றால் மீண்டும் 92-தான். 32 அங்குல 4கே திரையில் 138. 27 அங்குல 4கே திரையில் 163. ஆகவே, "பெரிய திரை வாங்கினேன், படம் முன்பைவிடத் தெளிவாக இல்லையே" என்று வருந்துவோர் திரையைக் குறை கூறுவதற்கு இடமில்லை. அங்குலத்தைக் கூட்டியவர்கள் புள்ளியையும் அதற்கேற்பக் கூட்டியிருக்க வேண்டும்.

கண்ணுக்கும் திரைக்கும் இடையே

இயல்பான கூர்மையுள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள நுட்பத்தைப் பிரித்தறியும் என்பது கண் மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் அளவுகோல். இதைக் கொண்டு கணக்கிட்டால், அங்குலத்துக்கு 92 புள்ளிகள் உள்ள திரையில் 95 சென்டிமீட்டர் தொலைவுக்கு அப்பால் புள்ளிகள் தனித்துத் தெரியா. 109 புள்ளிகள் என்றால் அத்தொலைவு 80 சென்டிமீட்டர். 138 என்றால் 63. 163 என்றால் 54.

நம் வீடுகளில் மேசைக்கும் நாற்காலிக்கும் கிடைக்கும் இடத்தில், கண்ணுக்கும் திரைக்கும் இடையே பெரும்பாலும் 55 முதல் 75 சென்டிமீட்டர் வரைதான் இருக்கும். இத்தொலைவில் 27 அங்குல 4கே திரைக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு பகுதி, கண் அறியாத புள்ளிகளுக்கே போய்ச் சேருகிறது. எழுத்துகளும் மிகச் சிறியனவாகிவிடுவதால், கணினியின் அமைப்பில் அவற்றை ஒன்றரை மடங்காகப் பெரிதாக்கிக்கொள்ள நேரிடும்.

அகலமும் தொலைவைச் சார்ந்ததே. நம் வாடிக்கையாளர் வீட்டில் கணினி இருந்தது சுவரில் பொருத்திய மடக்குப் பலகையில். பையனின் கண்ணிலிருந்து திரை 50 சென்டிமீட்டர்கூட இல்லை. 71 சென்டிமீட்டர் அகலத் திரையின் ஒரு மூலையில் வரைபடம், மறு மூலையில் எஞ்சிய தோட்டாக்களின் எண்ணிக்கை. இரண்டையும் காணப் பையன் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. செய்தித்தாள்களை ஒட்டி, வாங்க நினைக்கும் திரையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் வெட்டுங்கள். திரை நிற்கப்போகும் இடத்தில் அதை ஒட்டிவிட்டு, வழக்கமாக அமரும் நாற்காலியில் அரை மணி நேரம் அமர்ந்து பாருங்கள். தலையைத் திருப்பாமல் நான்கு மூலைகளும் கண்ணுக்கு எட்ட வேண்டும். திரையின் மேல்விளிம்பு கண்ணின் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்க வேண்டும். திரையின் தாங்கி மேசையில் முன்னும் பின்னும் கொள்ளும் இடத்தையும் மறவாமல் கழித்துக்கொள்ளுங்கள்.

திரை கேட்கும் உழைப்பு

திரைப்படம் பார்க்கும்போது படம் முன்பே தயாராக இருக்கிறது. விளையாட்டில் அவ்வாறன்று, ஒவ்வொரு காட்சியையும் கிராபிக்ஸ் கார்டு அந்தக் கணத்தில் புதிதாக வரைகிறது. நொடிக்கு 60 முறை வரைவதாகக் கொண்டால், ஃபுல் எச்.டி. திரைக்கு நொடிக்கு 12.4 கோடிப் புள்ளிகள் வேண்டும். 4கே திரைக்கு 49.8 கோடி. இன்று விளையாட்டுத் திரைகள் 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும் வேகத்துடன் பரவலாக விற்கப்படுகின்றன. அந்த வேகத்தில் 4கே திரை கேட்பது நொடிக்கு 119 கோடிப் புள்ளிகள்.

பையனின் கணினியில் இருந்தது 2019-இல் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 1650 கார்டு. ஃபுல் எச்.டி. அளவுக்கு நன்றாக உழைக்கக்கூடிய கார்டு அது. நான்கு மடங்குச் சுமையை ஏற்றியது நாம்தான்.

"அப்படியானால் 4கே திரையிலேயே ஃபுல் எச்.டி. அளவில் விளையாடலாமே" என்று கேட்கலாம். விளையாடலாம். ஆனால் திரை தன் இயல்பான தெளிவுத்திறனுக்குக் கீழே இயங்கும்போது படம் மங்கும். கொடுத்த விலைக்குரிய பயன் கிட்டாது. குறைந்த அளவில் வரைந்து, அறிவார்ந்த முறையில் பெரிதாக்கிக் காட்டும் டி.எல்.எஸ்.எஸ்., எஃப்.எஸ்.ஆர். போன்ற நுட்பங்கள் இக்குறையைப் பெரிதும் தணிக்கின்றன. எனினும் டி.எல்.எஸ்.எஸ். வசதி என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். வரிசைக் கார்டுகளுக்கே உண்டு. விளையாட்டும் அதற்கு இடம்தர வேண்டும்.

இணைப்புக் கம்பியும் ஒரு வரம்பே. எச்.டி.எம்.ஐ. 1.4 துளை மட்டுமுள்ள பழைய கணினி, 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். 2.0 என்றால் 60; 2.1 என்றால் 120-உம் அதற்கு மேலும்.

ஆட்டத்துக்கேற்ற அளவு

எதை விளையாடுகிறோம் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. இணையத்தில் அணி அணியாக மோதும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் காட்சியழகைவிட வேகமே முதன்மை. இவ்வகைப் போட்டிகளில் பரிசுக்காக ஆடும் தொழில்முறை வீரர்களிடம் பெரிதும் காணப்படுபவை 24, 25 அங்குல ஃபுல் எச்.டி. திரைகளே. களம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்குகிறது. கார்டும் மூச்சு வாங்காமல் வேகமாக வரைகிறது.

கதையோடு நகரும் விளையாட்டுகள், கார்ப் பந்தயம் முதலியவற்றை விரும்புவோருக்கும், அதே திரையில் படிப்பையும் அலுவலையும் பார்ப்போருக்கும் 27 அங்குல கியூ.எச்.டி. திரை நடுநிலையான தேர்வு. கணினியில்லாமல் பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்போர் 4கே பக்கம் செல்வதில் நியாயம் உண்டு. அக்கருவி 4கே தொலைக்காட்சிகளை மனத்திற்கொண்டு உருவானது, கியூ.எச்.டி. திரைக்கான ஆதரவு 2022 செப்டம்பரில்தான் அதற்கு வந்தது.

விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

வங்கியாளர்கள் என்ற முறையில் சொல்ல வேண்டியவை சில.

முதலாவது, திரையின் விலை முதல் தவணை மட்டுமே. அதனை இயக்கும் கார்டு, எஸ்.எம்.பி.எஸ்., கம்பி, மேசை ஆகியவற்றைக் கூட்டி வரும் தொகையே உண்மை விலை. மின்கட்டணமும் அதில் அடங்கும். ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு முழு உழைப்பில் 115 வாட் எடுத்துக்கொள்ளும். 4090 கார்டு 450 வாட் வரை எடுத்துக்கொள்ளும். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் என்றால், மாதத்துக்கு 40 யூனிட் வேறுபாடு.

இரண்டாவது, வட்டியில்லாத் தவணை. 30,000 ரூபாய்த் திரையை 12 மாதத் தவணையில் வாங்குவதாகவும், வட்டி ஆண்டுக்கு 15 விழுக்காடு என்றும் கொள்வோம். வட்டிக்கு ஈடான ஏறத்தாழ 2,300 ரூபாயை விற்பவர் தள்ளுபடியாகத் தருகிறார். ஆனால் கடன் அட்டையில் அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., அதாவது 414 ரூபாய், நம்மைச் சேரும். செயலாக்கக் கட்டணமும் அதன் மீதான வரியும் தனி. ரொக்கத்துக்கு ஏதேனும் தள்ளுபடி உண்டா என்பதையும் கேட்டு, இரண்டையும் ஒப்பிட்ட பின் முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, வரி. முன்பு 32 அங்குலத்துக்கு மேற்பட்ட திரைகளுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காடாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அவற்றுக்கும் 18 விழுக்காடே. இதைக் காட்டிப் பெரிய திரையை விற்பவர்கள் இருப்பார்கள். வரி குறைந்தது உண்மை. நம் மேசை நீளவில்லை என்பதும் உண்மை.

நான்காவது, சேமிப்பை முறிக்கும் முன் வைப்பின் பேரில் கடன் கிடைக்குமா என்று கிளையில் கேளுங்கள். வைப்பு தொடரும், தனிநபர் கடனைவிட வட்டியும் பொதுவாகக் குறைவு. பெட்டியைப் பிரிக்கும் முன் கடையின் மாற்றுதல் விதியையும், புள்ளி பழுதானால் உத்தரவாதம் எத்தனை புள்ளிகளுக்குப் பொருந்தும் என்பதையும் எழுத்தில் பெறுங்கள். தீராத குறையிருப்பின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இயன்றவரை நேரில் பாருங்கள். மும்பை லாமிங்டன் சாலை, தில்லி நேரு பிளேஸ், பெங்களூரு எஸ்.பி. சாலை, சென்னை ரிச்சி தெரு என ஒவ்வொரு பெருநகரிலும் கணினிக் கடைத்தெரு உண்டு. கடையில் பத்தடி தள்ளி நின்று பார்க்காதீர்கள். வீட்டில் அளந்து வந்த தொலைவில் நின்று பாருங்கள்.

நம் வாடிக்கையாளரின் கடன் விண்ணப்பத்துக்கு வருவோம். அன்று படிவத்தைக் கொடுக்கும் முன் பையனிடம், "தம்பி, எந்த விளையாட்டு விளையாடுகிறாய்?" என்று கேட்டோம். துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றின் பெயரைச் சொன்னான். நண்பன் வீட்டில் 24 அங்குலத் திரையில் அது நன்றாக ஓடுவதையும் அவனே சொன்னான். சற்று நேரம் தந்தையும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. பின்னர் தந்தை, "படிவம் வேண்டாம் சார்" என்று எழுந்தார்.

பெரிய திரை இப்போது அவர்கள் வீட்டுச் சுவரில் தொலைக்காட்சிப் பெட்டியின் இடத்தில் இருக்கிறது. பழைய திரையிலேயே பையன் விளையாடுகிறான். தந்தை புதிய தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கினார். கல்லூரிக்கு இரண்டு ஆண்டுகளே இருப்பதால் மாதத் தவணை 3,000 ரூபாய். முன்பு செலுத்தியதைப் போல் இருமடங்கு. அதைச் சரிக்கட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுதல் வேலைக்குச் செல்வதாகச் சொன்னார்.

இப்போதெல்லாம் எங்கள் கிளையில் வைப்பை முன்கூட்டியே முடிக்க வருவோரிடம், படிவத்தை நீட்டும் முன் ஒரு கேள்வி கேட்கிறோம். "என்ன வாங்கப் போகிறீர்கள்?" என்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. "அதற்குப் பிறகு என்ன வாங்க வேண்டிவரும்?" என்றும் கேட்கிறோம்.