ரெப்போ ஏறினால் வங்கிப் பங்கும் ஏறுமா?

தூத்துக்குடி வி.இ. ரோட்டில் தலைமையகம் கொண்ட தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, 1921-ல் நாடார் வங்கி என்ற பெயரில் பிறந்தது. 1962-ல் இன்றைய பெயருக்கு மாறியது. நூறு வயதைக் கடந்த பிறகு, 2022 செப்டம்பர் 15-ல்தான் அதன் பங்கு சந்தைக்கு வந்தது. வெளியீட்டு விலை 510 ரூபாய்.

அது வட்டி ஏறிக்கொண்டிருந்த நேரம். 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம், 2023 பிப்ரவரியில் 6.50 சதவீதத்தைத் தொட்டது. அந்த நிதியாண்டில் வங்கியின் லாபமும் 822 கோடியிலிருந்து 1,029 கோடியாகக் கூடியது. ஆனாலும் 2023 மார்ச்சில் பங்கு 510 ரூபாய்க்குக் கீழேதான் கைமாறியது. வட்டியும் லாபமும் ஏறியிருக்க, பங்கு மட்டும் ஏன் இறங்கியது? இதைப் புரிந்துகொண்டால் எந்த வங்கிப் பங்கையும் எடைபோடலாம்.

எந்தப் பக்கம் முந்துகிறது?

ரெப்போ என்பது, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டி. அது மாறும்போது ஒரு வங்கிக் கிளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

தை மாதத்தில் பாத்தி திருத்த உப்பளக்காரர் ஒருவர் கடன் வாங்குகிறார். சிறுதொழில்களுக்கும் வீட்டுக்கும் தரும் புதிய மாறும் வட்டிக் கடன்களை, ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்பது 2019 அக்டோபர் முதல் விதி. எனவே அவருடைய வட்டி மூன்று மாதங்களுக்குள் மாறிவிடும். அதே கிளையில், துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் மூன்று ஆண்டு டெபாசிட் போட்டிருக்கிறார். முதிர்வுத் தேதி வரை அவருடைய வட்டி அசையாது.

வங்கியின் லாபம் இந்த இருவருக்கும் இடையில்தான் இருக்கிறது. ஒரு கணக்கு போடுவோம். வங்கி 100 ரூபாயை 6 சதவீதத்துக்கு வாங்கி 9 சதவீதத்துக்குக் கொடுக்கிறது. மிச்சம் 3 ரூபாய். கடனில் 60 ரூபாய் ரெப்போவோடு இணைந்தது. ரெப்போ 1 சதவீதம் குறைந்தால் வட்டி வரவு 8.40 ஆகிவிடும். டெபாசிட் செலவு அதே 6 ரூபாய். மிச்சம் 2.40; அதாவது ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. பழைய டெபாசிட்டுகள் முதிர்ந்து குறைந்த வட்டிக்குப் புதுப்பிக்கப்பட்ட பிறகே இழந்தது திரும்பும். ரெப்போ ஏறும்போது இதே கணக்கு தலைகீழாக நடந்து, முதல் சில காலாண்டுகளில் லாபம் கூடும்.

எல்லா வங்கிக்கும் இது ஒரே அளவில் நடப்பதில்லை. நகைக் கடன் வட்டி பொதுவாகத் தவணை முடியும்வரை மாறாது. நடப்புக் கணக்கிலும் சேமிப்புக் கணக்கிலும் அதிகப் பணம் வைத்திருக்கும் வங்கிக்கு, வட்டி ஏறினாலும் செலவு மெதுவாகத்தான் ஏறும்.

பெட்டகத்தில் இருக்கும் பத்திரங்கள்

வங்கிகள் அரசுக் கடன் பத்திரங்களையும் வைத்திருக்க வேண்டும். 7 சதவீதம் வட்டி தரும் பத்து ஆண்டுப் பத்திரம் 100 ரூபாய் என்று வையுங்கள். சந்தையில் வட்டி 8 சதவீதமானால் அந்தப் பழைய பத்திரத்துக்கு ஏறக்குறைய 93 ரூபாய்தான் கிடைக்கும். 2022 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் பாரத ஸ்டேட் வங்கியின் லாபம், முந்தைய ஆண்டின் அதே காலாண்டில் இருந்த 6,504 கோடியிலிருந்து 6,068 கோடியாகக் குறைந்ததற்கு இத்தகைய மதிப்பிழப்பே முக்கியக் காரணம். அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி 2023 மார்ச்சில் சாய்ந்ததற்கும் வேர் இதுதான்.

சந்தை முன்கூட்டியே கணக்கு போடுகிறது

பங்கு விலை நேற்றைய லாபத்துக்குக் கிடைப்பதன்று, நாளைய எதிர்பார்ப்புக்குக் கிடைப்பது. எல்லாரும் எதிர்பார்த்த வட்டி உயர்வு, அறிவிப்பு வருமுன்பே விலைக்குள் போய்விடும். தமிழ்நாடு மெர்க்கன்டைல் விஷயத்தில் அந்த வங்கிக்கே உரிய கவலைகளும் சேர்ந்துகொண்டன. அதன் பங்குகளில் கணிசமான பகுதி தொடர்பாக நீண்ட கால வழக்குகள் இருப்பது வெளியீட்டு ஆவணத்திலேயே சொல்லப்பட்டது. உலகெங்கும் வங்கிகள் மீது பயம் பரவிய மாதமும் அந்த மார்ச்தான்.

2025-ல் நேரெதிர் காட்சி. ரெப்போ 6.50-லிருந்து 5.25 ஆக இறங்கியது. வங்கிகளின் வட்டி லாப விகிதம் சுருங்கியது. ஆனால் பேங்க் நிஃப்டி குறியீடு அதே ஆண்டில் புதிய உச்சங்களைத் தொட்டது. கடன் வாங்குவோர் பெருகுவார்கள், வாராக் கடன் குறையும், பத்திரங்களின் மதிப்பு ஏறும் என்று சந்தை நம்பியது.

ஆகவே ரெப்போ செய்தியை மட்டும் படித்துவிட்டு வங்கிப் பங்கை வாங்கவோ விற்கவோ வேண்டாம். காலாண்டு அறிக்கையை எடுத்து மூன்றைப் பாருங்கள்: கடனில் எவ்வளவு ரெப்போவோடு இணைந்தது, டெபாசிட்டில் எவ்வளவு நடப்பு மற்றும் சேமிப்புக் கணக்குப் பணம், வாராக் கடன் கூடுகிறதா குறைகிறதா. உங்கள் உழைப்பின் பணத்தைப் போடுமுன் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.