டாக்டர் இல்லாத நேரத்தில் ஒரு புத்தகம்

கொடைக்கானலுக்குப் பக்கத்தில், பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் மலைச்சரிவில் இருக்கிறது வில்பட்டி. பகலில் உடம்புக்கு முடியவில்லை என்றால் பஸ்ஸோ ஜீப்போ பிடித்து கொடைக்கானல் போய்விடலாம். மழைக்கால இரவில் மரம் சாய்ந்து ரோடு அடைபட்டால்தான் சிரமம் தெரியும். குழந்தைக்குக் காய்ச்சல், இருமல். விடியட்டும் என்று இருப்பதா, இப்போதே கிளம்புவதா? வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் போன தடவை மிச்சமான சிரப்பை எடுத்துக்கொண்டு வருவார்.

அந்த நேரத்தில் தேவைப்படுவது மருந்தைவிட ஒரு தகவல். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், 2 முதல் 11 மாதம் வரை 50-ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, குழந்தை பால் குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இதை உலக சுகாதார நிறுவனம் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குச் சொல்லித் தருகிறது. ஒரு தாய்க்கும் இது புரியும். வீட்டில் ஒரு நல்ல மருத்துவக் கைநூல் இருந்தால் போதும்.

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை வகித்த அபூபக்ர் அர்ராஸீ, ‘மன் லா யஹ்ளுருஹுத் தபீப்’ என்று ஒரு நூல் எழுதினார். ‘மருத்துவர் அருகில் இல்லாதவருக்கு’ என்பது அதன் பொருள். சாதாரண மக்களுக்காக எழுதப்பட்டது. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி விளக்கியவரும் இவர்தான். இவருடைய குறிப்புகளை மாணவர்கள் இவர் மறைந்தபின் தொகுத்ததுதான் ‘அல் ஹாவீ’. பல பாகங்கள் கொண்ட அந்தத் தொகுப்பு மருத்துவர்களுக்கானது. ஒரே மனிதரின் அறிவு வைத்தியருக்கும் போய்ச் சேர்ந்தது, வைத்தியர் இல்லாத வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

நம் காலத்தில் அதே தலைப்பை, அனேகமாகத் தெரியாமலே, இன்னொருவர் வைத்தார். டேவிட் வெர்னர் டாக்டர் அல்ல, உயிரியல் படித்தவர். மெக்சிகோவின் மலைக் கிராமங்களில் மக்களோடு வேலை செய்து, 1970-களின் தொடக்கத்தில் ஸ்பானிய மொழியில் ஒரு கைநூல் கொண்டுவந்தார். 1977-ல் ஆங்கிலத்தில் வந்தது. இன்று எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. தமிழில் ‘டாக்டர் இல்லாத இடத்தில்’ என்ற பெயரில் க்ரியா பதிப்பகம் வெளியிட்டது. படிக்கத் தெரியாதவரும் பின்பற்றும்படி பக்கத்துக்குப் பக்கம் படங்கள். மருந்துகளுக்குத் தனியாகப் பச்சை நிறப் பக்கங்கள்: எதற்கு, எவ்வளவு, யாருக்குக் கூடாது என்று.

அந்தப் பச்சைப் பக்கங்களின் அருமை நம் மருந்து அலமாரியைப் பார்த்தால் புரியும். பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளைக்கான கணக்கு. 10 கிலோ குழந்தைக்கு 125 சிரப்பில் 5 மில்லி சரியாக இருக்கும். அதே 5 மில்லியைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். "ஒரு ஸ்பூன் கொடுங்க" என்ற வார்த்தையில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது பாருங்கள்.

இதற்கெல்லாம் டாக்டர்கள் புத்தகம் பார்ப்பதில்லை என்று நினைக்க வேண்டாம். இந்திய மருந்தியல் ஆணையம் வெளியிடும் தேசிய மருந்துக் கையேடு அவர்களுக்காகவே இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவருக்கு அளவை எவ்வளவு குறைப்பது, எந்த மருந்தோடு எது சேரக்கூடாது என்பதை யாரும் முழுக்க மனதில் வைத்திருக்க முடியாது. நம் எதிரிலேயே புத்தகத்தைப் புரட்டும் டாக்டரைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அவர்மேல்தான் நம்பிக்கை அதிகம்.

வில்பட்டி போன்ற விவசாய ஊருக்குப் பூச்சிமருந்துப் பக்கமும் முக்கியம். தெளிக்கும்போது உடம்பில் பட்டால் துணியைக் கழற்றி, சோப்பும் நிறைய தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். வாய்வழி உள்ளே போயிருந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மருந்து டப்பாவையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும். அதிலுள்ள பெயரைப் பார்த்துத்தான் மாற்று மருந்தை முடிவு செய்வார்கள்.

வாங்கும்போது பதிப்பைப் பாருங்கள். பாம்புக் கடிக்குக் கீறி உறிஞ்சச் சொல்லும் பழைய கைநூல்கள் உண்டு. இப்போது கீறவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வயிற்றுப்போக்குக்கு வீட்டில் கலக்கும் கரைசலில் வெர்னரின் நூல் லிட்டருக்கு 8 டீஸ்பூன் சர்க்கரை சொன்னது. இன்று சொல்லித் தரப்படுவது 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டிய அளவில். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தால் அதுவே மேல்.

ஒவ்வொரு வீட்டிலும் வாங்க முடியாவிட்டால் பள்ளிவாசல் நூலகத்தில் ஒரு பிரதி வைக்கலாம். அட்டையின் உள்பக்கத்தில் 108-ஐயும், இரவில் கூப்பிட்டால் வரக்கூடிய ஜீப்காரரின் நம்பரையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.