மரக்குற்றி தூக்கல்: வரலாறும் சாதனைகளும் அதனுள் இருக்கும் விஞ்ஞானமும்



பாரம் தூக்கும் விளையாட்டுகள் பற்றி க.பொ.த. (சா/த) மாணவர்கள் பொதுவாக ஒலிம்பிக் பளுதூக்கலுடன் நிறுத்திக்கொள்கின்றனர். ஆனால் 'பலசாலிப் போட்டிகள்' என்ற வேறொரு பிரிவும் உலகில் உண்டு. பெரிய கற்களைத் தூக்குதல், லொறியை இழுத்தல், மரக்குற்றியைத் தலைக்கு மேல் உயர்த்துதல் என்பன அதில் அடங்கும். இவற்றுள் மரக்குற்றி தூக்கலை இக்கட்டுரை விளக்குகின்றது. இதனை நன்கு விளங்கிக்கொண்டால் சுகாதாரமும் உடற்கல்வியும், விஞ்ஞானம், வரலாறு ஆகிய மூன்று பாடங்களுக்கும் பயன் கிடைக்கும்.

1. பண்டைய காலத்துச் சான்றுகள்

பாரம் தூக்கிப் பலத்தைக் காட்டும் வழக்கம் மிகப் பழைமையானது. கிரேக்க நாட்டின் ஒலிம்பியாவில் 143.5 கிலோகிராம் திணிவுள்ள கல்லொன்று கண்டெடுக்கப்பட்டது. பைபோன் என்பவர் இக்கல்லை ஒரே கையால் தலைக்கு மேல் தூக்கினார் என அதில் பொறிக்கப்பட்டுள்ளது. இன்றும் பலர் இதனை நம்பத் தயங்குகின்றனர். கல் இருக்கின்றது, எழுத்தும் இருக்கின்றது. ஆனால் தூக்கியதைப் பார்த்து அளந்த நடுவர் எவரும் இல்லை. தொல்பொருட் சான்று ஒன்று கிடைத்தவுடன் அதிலுள்ள செய்தி முழுவதும் உண்மையென முடிவுசெய்துவிட முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணமாகும்.

அதே கிரேக்க உலகில் குரோட்டன் நகரைச் சேர்ந்த மைலோ என்ற மல்யுத்த வீரர் கி.மு. 6 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தார். பண்டைய ஒலிம்பிக்கில் ஆறு தடவைகள் வெற்றிபெற்றவர் இவர். ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தூக்கிவந்தார் என்றும், கன்று வளர வளர அவரது பலமும் வளர்ந்தது என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை உண்மையோ பொய்யோ, அதிலுள்ள தத்துவம் உண்மையானது. சுமையைச் சிறிது சிறிதாக அதிகரிக்கும்போது தசைகள் அதற்கேற்ப வலிமை பெறும். இன்றைய பயிற்றுநர்களும் இத்தத்துவத்தையே பின்பற்றுகின்றனர்.

2. தமிழரிடையே இளவட்டக்கல்

தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் 'இளவட்டக்கல்' தூக்கும் வழக்கம் உண்டு. உருண்டையாகச் செதுக்கப்பட்ட கருங்கல் ஊரின் பொது இடத்தில் கிடக்கும். அக்கல்லைத் தூக்கித் தோளுக்கு மேலாகப் பின்புறம் போடும் இளைஞனுக்கே பெண் கொடுப்பர் என முன்னாளில் சொல்லப்பட்டது. திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளைக் கிராமத்தில் பொங்கல் காலத்தில் இப்போட்டி நடைபெறுகின்றது. அங்கு பெண்களும் கல் தூக்குகின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

இளவட்டக்கல்லை ஒரே மூச்சில் தூக்குவதில்லை. முதலில் குந்தியிருந்து கல்லை அணைத்துத் தொடைக்குக் கொண்டுவருவர். பின்னர் நெஞ்சுக்கு உருட்டி, அங்கிருந்து தோளுக்கு ஏற்றுவர். இந்தப் படிமுறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மரக்குற்றி தூக்கலிலும் ஏறத்தாழ இதே படிகளைக் காண்பீர்கள்.

3. ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்ட 'பிரெஸ்'

நவீன ஒலிம்பிக் விழா 1896 இல் ஏதென்ஸ் நகரில் ஆரம்பமானது. அவ்விழாவிலேயே பளுதூக்கல் இடம்பெற்றது. ஒற்றைக் கைப் பிரிவில் பிரித்தானியாவின் லோன்செஸ்டன் எலியட் 71 கிலோகிராமும், இரட்டைக் கைப் பிரிவில் டென்மார்க்கின் விகோ ஜென்சன் 111.5 கிலோகிராமும் தூக்கி வென்றனர்.

1928 முதல் 1972 வரை ஒலிம்பிக்கில் மூன்று முறைகள் இருந்தன. அவை பிரெஸ், ஸ்னச், கிளீன் அன்ட் ஜேர்க் என்பனவாகும். பிரெஸ் முறையில் பாரத்தைத் தோளுக்குக் கொண்டுவந்த பின்னர், கால்களின் உதவியின்றிக் கைகளின் பலத்தால் மட்டும் மேலே தள்ள வேண்டும். ஆனால் வீரர்கள் உடலைப் பின்புறம் வளைத்துத் தள்ளத் தொடங்கினர். எந்த அளவு வளைவு பிழை என்பதில் நடுவர்களிடையே ஒருமைப்பாடு இருக்கவில்லை. முதுகெலும்புக்கு ஆபத்து என்ற கவலையும் எழுந்தது. எனவே 1972 மியூனிச் ஒலிம்பிக்கின் பின்னர் பிரெஸ் நீக்கப்பட்டது. அவ்விழாவில் சோவியத் ஒன்றியத்தின் வசிலி அலெக்சியெவ் பிரெஸ் முறையில் 235 கிலோகிராம் தூக்கியிருந்தார்.

4. மரக்குற்றி தூக்கலின் தோற்றமும் சாதனைகளும்

'உலகின் மிகப் பலசாலி' என்ற போட்டி 1977 இல் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவில் முதன்முதலாக நடத்தப்பட்டது. அமெரிக்கரான புரூஸ் வில்ஹெல்ம் வெற்றிபெற்றார். 1980 களில் மரக்குற்றி தூக்கல் இத்தகைய போட்டிகளில் முக்கிய இடத்தைப் பெற்றது. 1980, 1981, 1982 ஆகிய மூன்று வருடங்களும் தொடர்ந்து சம்பியனான பில் காஸ்மயரின் பெயர் இக்காலத்துடன் இணைத்துப் பேசப்படுகின்றது.

போட்டிக்குரிய குற்றி மரத்தாலோ உருக்காலோ செய்யப்பட்டிருக்கும். அதன் நடுப்பகுதியில் குடைந்த இரண்டு துவாரங்களுள் கைப்பிடிகள் உண்டு. பாரத்தைக் கூட்டுவதற்கு இரு முனைகளிலும் இரும்புத் தட்டுகள் மாட்டப்படும். வீரர் குற்றியை முதலில் தொடைக்கு இழுத்து, அங்கிருந்து நெஞ்சுக்கு உருட்டி, பின்னர் தலைக்கு மேல் தள்ளுவார். முழங்கைகள் நேராகி, உடல் அசையாமல் நின்று, நடுவர் 'இறக்கு' எனச் சைகை செய்த பின்னரே அது செல்லுபடியாகும்.

இத்துறையில் நீண்ட காலம் ஆதிக்கம் செலுத்தியவர் லிதுவேனியாவின் சிட்ரூனாஸ் சவிக்காஸ் ஆவார். இவர் 2009, 2010, 2012, 2014 ஆகிய வருடங்களில் உலகின் மிகப் பலசாலிப் பட்டத்தை வென்றார். 2012 இல் 220 கிலோகிராம் குற்றியைத் தூக்கிய அவர், 2015 இல் அதனை 228 கிலோகிராமாக உயர்த்தினார். ஆறு வருடங்களின் பின்னர், 2021 செப்டெம்பர் 18 ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 'அயன் பிபி' எனப்படும் சேக் சானு 229 கிலோகிராம் தூக்கி அச்சாதனையை முறியடித்தார். இவர் மேற்கு ஆபிரிக்காவின் புர்கினா பாசோ நாட்டவர். வசதி குறைந்த நாடொன்றிலிருந்தும் உலக சாதனையாளர் ஒருவர் உருவாகலாம் என்பதை இவர் காட்டினார்.

5. எது சாதனை?

அலெக்சியெவ் 1972 இல் தூக்கியது 235 கிலோகிராம். அயன் பிபி 2021 இல் தூக்கியது 229 கிலோகிராம். அப்படியானால் முன்னவரே பலசாலி என எழுதலாமா? எழுதக்கூடாது. முன்னவர் தூக்கியது மெல்லிய இரும்புத் தண்டு. பின்னவர் தூக்கியது பருமனான குற்றி. பிரெஸ் முறையில் கால்களின் உதவி தடைசெய்யப்பட்டிருந்தது. குற்றி தூக்கலில் முழங்காலை மடித்து உந்துவதற்கு அனுமதி உண்டு. விதிகளும் உபகரணமும் ஒன்றாக இருந்தால் மாத்திரமே இரண்டு சாதனைகளை ஒப்பிடலாம்.

இன்னோர் உதாரணத்தைப் பாருங்கள். பாரத்தை நிலத்திலிருந்து உயர்த்தி நிமிர்ந்து நிற்கும் முறை டெட்லிஃப்ட் எனப்படும். இதில் பிரித்தானியாவின் எடி ஹோல் 2016 இல் லீட்ஸ் நகரில் நடந்த போட்டியில் 500 கிலோகிராம் தூக்கினார். 2020 மே மாதத்தில், கொரோனாக் காலத்தில், ஐஸ்லாந்தின் ஹாப்தோர் பியோர்ன்சன் தமது பயிற்சி நிலையத்தில் நடுவர் முன்னிலையில் 501 கிலோகிராம் தூக்கினார். போட்டியில் தூக்காததைச் சாதனையாக ஏற்க முடியாது என ஹோல் எதிர்த்தார். 2025 இல் பியோர்ன்சன் போட்டி மேடையிலேயே 510 கிலோகிராம் தூக்கியதுடன் அந்த விவாதம் அர்த்தமற்றதாகியது. சரியாக நிறுக்கப்பட்ட பாரம், யாவருக்கும் பொதுவான விதி, நடுநிலையான நடுவர் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு முயற்சியைச் சாதனையாக்குகின்றன.

6. விஞ்ஞான பாடத்துடன் தொடர்பு

முதலில் ஒரு பொதுவான தவறு. "குற்றியின் நிறை 229 கிலோகிராம்" என எழுத வேண்டாம். 229 கிலோகிராம் என்பது திணிவாகும். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டால் அதன் நிறை 2290 நியூற்றன் ஆகும்.

குற்றியை 2 மீற்றர் உயரத்திற்குச் சீரான வேகத்தில் உயர்த்துவதாகக் கொள்வோம். செய்யப்படும் வேலை = விசை × தூரம் = 2290 × 2 = 4580 யூல். இதற்கு 5 செக்கன் எடுத்தால் வலு = 4580 ÷ 5 = 916 வாற்று.

இப்போது நமது பிரதேசத்தில் நீங்கள் காணும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சம்மாந்துறை அரிசி ஆலையொன்றில் நாட்டாமை ஒருவர் 50 கிலோகிராம் மூடையை 1.5 மீற்றர் உயரமான லொறித் தட்டில் ஏற்றுகின்றார். ஒரு மூடைக்கு வேலை 500 × 1.5 = 750 யூல். நூறு மூடைகளுக்கு 75 000 யூல். இது அந்த உலக சாதனைத் தூக்கலைப் போன்று பதினாறு மடங்குக்கும் அதிகமான வேலையாகும்! ஆனால் நூறு மூடைகளை ஏற்றப் பல மணித்தியாலம் செல்லும்; ஆகவே அவரது சராசரி வலு குறைவு. வேலைக்கும் வலுவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

குற்றியைத் தலைக்கு மேல் அசையாமல் பிடித்திருக்கும்போது அதன் மீது செய்யப்படும் வேலை பூச்சியமாகும். இடப்பெயர்ச்சி இல்லாமையே காரணம். எனினும் தசைகள் சுருங்கிய நிலையில் சத்தியைச் செலவிட்டுக்கொண்டே இருக்கும். எனவேதான் வீரர் களைப்படைகின்றார்.

குற்றி பருமனானது என்பதால் அதன் ஈர்ப்பு மையம் உடலிலிருந்து சற்று முன்னால் விலகி நிற்கும். 1000 நியூற்றன் நிறையுள்ள குற்றியின் ஈர்ப்பு மையம் முதுகெலும்பிலிருந்து 0.3 மீற்றர் தூரத்தில் இருந்தால் விசையின் திருப்பம் 300 நியூற்றன் மீற்றர் ஆகும். அதனை 0.2 மீற்றருக்கு நெருக்கினால் 200 ஆகக் குறையும். பாரமான எதையும் உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே. வீட்டில் தண்ணீர் வாளியைத் தூக்கும்போதும் இது பொருந்தும்.

7. இலங்கை வீரர்களும் நமது அயலவரும்

மரக்குற்றி தூக்கல் இலங்கையில் பெரிதாகப் பரவவில்லை. ஆனால் பளுதூக்கலில் நமது நாட்டவர் பெயர் பதித்துள்ளனர். 2018 இல் அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டு விழாவில் இந்திக்க திசாநாயக்க வெள்ளிப் பதக்கமும், சதுரங்க லக்மால், தினுஷா கோமஸ் ஆகியோர் வெண்கலப் பதக்கங்களும் பெற்றனர். 2022 பேர்மிங்ஹாம் விழாவில் இசுரு குமார 55 கிலோகிராம் பிரிவில் மொத்தமாக 225 கிலோகிராம் தூக்கி வெண்கலம் வென்றார். தமிழ்நாட்டின் வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 ஆகிய இரு விழாக்களிலும் 77 கிலோகிராம் பிரிவில் தங்கம் வென்றவராவார்.

பெண்களுக்கான பளுதூக்கல் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அங்கு வெண்கலம் வென்ற கர்ணம் மல்லேஸ்வரியே ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதலாவது இந்தியப் பெண்மணி ஆவார். பாரம் தூக்கல் ஆண்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் தவறானதாகும்.

8. உங்கள் கவனத்திற்கு

மாணவர்களே, இப்பகுதியைப் பரீட்சைக்காக மட்டும் வாசிக்காதீர்கள். கைத்தொலைபேசியில் இத்தகைய தூக்கல்களைப் பார்த்துவிட்டு, பயிற்றுநர் இல்லாமல் அதிகூடிய பாரத்தைத் தூக்க முற்படும் மாணவர்கள் உள்ளனர். உங்கள் வயதில் எலும்பின் முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் முழுமையாக மூடியிருக்கமாட்டா. முதுகிலோ முழங்காலிலோ ஏற்படும் காயம் வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும். தகுதியான பயிற்றுநரின் மேற்பார்வையில், குறைந்த பாரத்துடன், சரியான முறையில் செய்யும் பயிற்சி தீங்கானதன்று, நன்மையானதே. பின்வருவனவற்றை நினைவிற் கொள்க:

• உடலைச் சூடாக்கும் பயிற்சியின்றிப் பாரத்தைத் தொட வேண்டாம்.
• முதுகை நேராக வைத்து, முழங்காலை மடித்து, கால்களின் பலத்தால் எழுங்கள்.
• பாரத்தை வாரங்கள் கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நண்பனுடன் போட்டிக்காகக் கூட்ட வேண்டாம்.
• நோன்பு காலத்தில் பகலில் கடும் பயிற்சி செய்ய வேண்டாம். நோன்பு திறந்து போதிய நீர் அருந்திய பின்னர் இலேசான பயிற்சி போதுமானது.
• "விரைவில் உடம்பு வரும்" எனக் கூறி எவரும் தரும் ஊசியையோ மாத்திரையையோ ஏற்க வேண்டாம்.

கடைசி விடயம் மிக முக்கியமானது. தசை வளர்க்கும் ஊக்கமருந்துகள் இதயம், ஈரல், ஓமோன் தொகுதி ஆகியவற்றைப் பாதிக்கும். 2008, 2012 ஒலிம்பிக் விழாக்களில் பெறப்பட்ட மாதிரிகளைப் பல வருடங்களின் பின் மீண்டும் பரிசோதித்தபோது பளுதூக்கல் வீரர்கள் பலர் பதக்கங்களை இழந்தனர். இலங்கையிலும் 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊக்கமருந்துக்கு எதிரான நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படுகின்றன. பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். கெட்டுப்போன ஈரலைத் திருப்பிப் பெற முடியாது.

9. மீட்டல் வினாக்கள்

(1) ஒலிம்பிக்கிலிருந்து பிரெஸ் முறை நீக்கப்பட்டமைக்கான இரண்டு காரணங்களைத் தருக.
(2) ஒரு முயற்சி சாதனையாக ஏற்கப்படுவதற்கு அவசியமான மூன்று நிபந்தனைகளைக் குறிப்பிடுக.
(3) 120 கிலோகிராம் திணிவுள்ள குற்றி 2 மீற்றர் உயரத்திற்கு 4 செக்கனில் உயர்த்தப்படுகின்றது. செய்யப்பட்ட வேலையையும் வலுவையும் காண்க.
(4) குற்றியைத் தலைக்கு மேல் அசையாமல் பிடித்திருக்கும் வீரர் களைப்படைவது ஏன்?
(5) பாரத்தை உடலுக்கு நெருக்கமாக வைத்துத் தூக்குவதன் பயனைத் திருப்பம் பற்றிய அறிவைக் கொண்டு விளக்குக.

வினா (3) இற்கான விடை: வேலை 2400 யூல், வலு 600 வாற்று. ஏனைய வினாக்களுக்கான விடைகளை மேலுள்ள பகுதிகளிலிருந்து உங்கள் சொந்த வசனங்களில் எழுதிப் பழகுங்கள்.