கணினித் திரை இருண்டுவிட்டால்

மேசைக் கணினியை மறுதொடக்கம் செய்தபின் திரையில் எதுவும் தோன்றாவிட்டால், செய்து வைத்த இடுபணி அழிந்துவிட்டதோ எனப் பலர் அஞ்சுவர். பெரும்பாலும் அந்த அச்சம் தேவையற்றது. சேமித்த கோப்புகள் வன்தட்டில் இருக்கும். திரை இருண்டதால் அவை அழிவதில்லை.

கோளாறு திரையிலா கணினியிலா என்பதை முதலில் கண்டறிய வேண்டும். ‘சிக்னல் இல்லை’ என்று திரை காட்டினால், திரை நன்றாகத்தான் இருக்கிறது. கணினியிலிருந்து படம் வந்து சேரவில்லை. இணைப்புக் கம்பி தளர்ந்திருக்கலாம். தனி வரைகலை அட்டை உள்ள கணினியில், கம்பியை அந்த அட்டையில்தான் செருக வேண்டும். தாய்ப்பலகையில் செருகிவிட்டுத் திரையைக் குறை கூறுவோரும் உண்டு!

கம்பி சரியாக இருந்தும் பயனில்லையா? கணினி தொடங்கும்போது, படத்தைக் காட்டுவதற்கு முன்பே தன் உறுப்புகளைச் சோதித்துக்கொள்கிறது. ‘ரேம்’ எனப்படும் நினைவக அட்டை சற்று விலகியிருந்தாலும் அச்சோதனையிலேயே நின்றுவிடும். மின்விசிறி மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். சில கணினிகள் ‘பீப்’ என ஒலித்து இதை உணர்த்தும். மின்னிணைப்பைத் துண்டித்து, கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை நீக்கியபின், பெரியவர் துணையுடன் அட்டையைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்தலாம். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்கக் கூடாது. கம்பியைக் கழற்றிய பின்பும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கும்.