காற்புள்ளியாற் பிரித்தல்

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த நம் முன்னோர்க்கு நேர்ந்த பெருந்தொல்லைகளுள் ஒன்று பதம் பிரித்தலாகும். ஏட்டிலே சொற்களுக்கிடையே வெளி விடும் வழக்கமில்லை. ஒரு சொல் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கிற்று என்பதைப் பதிப்பாசிரியரே துணிதல் வேண்டும். பிரிப்புப் பிழைத்தாற் பொருளும் பிழைக்கும். கணினிக்குச் செய்நிரல் எழுதுவோர்க்கும் இதனையொத்த தொல்லை ஒன்றுண்டு.

கோப்பிலிருந்து கணினி படிப்பது வரியுருக்களின் தொடரையே. அதனைச் சரம் என்பர். "67,54,71" என்பது நமக்கு மூன்று பாடங்களின் புள்ளிகள். கணினிக்கோ எட்டு வரியுருக்கள் கொண்ட ஒரே சரம். இதனை மூன்று உறுப்புக்களையுடைய பட்டியலாக்குதற்குப் பைதன் மொழியில் 'ஸ்பிளிற்' என்னும் செயல் உளது. கைடோ வான் ரொசம் என்னும் ஒல்லாந்தர் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட இம்மொழியையே நம் உயர்தர மாணவரும் பயில்கின்றனர். பிரிப்பான் காற்புள்ளி என்று கூறிவிட்டால், அது நிற்கும் இடந்தோறும் சரம் பிளவுபடும்.

இனி, நடுப்பாடத்துக்குத் தோற்றாத மாணவனை நோக்குவாம். அவனது வரி "67,,71" என்றிருக்கும். அதனைக் காற்புள்ளியாற் பிரிப்பின் மூன்று உறுப்புக்களே கிடைக்கும். நடுவிலுள்ளது வெறுஞ் சரம். இடம் காலியாயினும் இடம் இடமே. பிரிப்பான் இன்னதென்று கூறாது விடுப்பினோ, ஸ்பிளிற் வெற்றிடங்களைக் கொண்டு பிரிக்கும். அடுத்தடுத்து எத்தனை வெற்றிடங்கள் வரினும் அவற்றை ஒன்றாகவே கொள்ளும்.

யான் பட்டது இங்கேதான். புள்ளிகளை வெற்றிடம் விட்டுத் தட்டச்சுச் செய்து, பிரிப்பான் கூறாமலே பிரித்தேன். கணிதத்துக்குத் தோற்றாத ஒருவனின் விஞ்ஞானப் புள்ளியாகிய 71 கணிதத்தின் கீழ் ஏறிவிட்டது. கணினி யாதொரு வழுவும் காட்டவில்லை. "சேர், நான் அண்டைக்குக் கணிதம் எழுதேல்லையே" என்று அவனே வந்து சொன்னான். அவன் வாய் திறவாதிருந்தால் அறிக்கை அப்படியே அச்சேறியிருக்கும்.

பிரித்தபின்னும் உறுப்புக்கள் எண்களல்ல, சரங்களே என்பதை மாணவர் மறந்துவிடுவர். "67" உடன் "54" ஐக் கூட்டினால் 121 வாராது, "6754" என்றே வரும். 'இன்ற்' என்னுஞ் சார்பினால் எண்ணாக்கியே கூட்டல் வேண்டும். வெறுஞ் சரத்தை எண்ணாக்க முயன்றால் அச்சார்பு வழுக்காட்டி நின்றுவிடும். இதனைச் சிலர் தொல்லை என்பர். யான் நன்மை என்பேன். தோற்றாமை வேறு, பூச்சியம் பெறுதல் வேறன்றோ? இன்னொன்று: முற்றும் வெறுமையான சரத்தைக் காற்புள்ளியாற் பிரிப்பின் ஓர் உறுப்புள்ள பட்டியல் வரும்; பிரிப்பான் கூறாது பிரிப்பின் உறுப்பே இராது. ஆதலின் வெற்று வரியும் ஒரு பதிவாக எண்ணப்படக்கூடும்.

தரவினுள்ளேயே காற்புள்ளி வருமாயின் என் செய்வது? "12, கோயில் வீதி" என்னும் முகவரி இரண்டாக உடையும். அத்தகைய உறுப்பை இரட்டை மேற்கோட்குறிகளுள் அடைக்கும் வழக்கம் இதற்காகவே எழுந்தது. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த 4180ஆம் இலக்க இணைய ஆவணத்தில் அது விதியாக எழுதப்பட்டது. ஸ்பிளிற் மேற்கோட்குறியை அறியாது. 2003ஆம் ஆண்டு முதல் பைதனுடன் வரும் 'சீஎஸ்வி' என்னும் கூறு அதனை அறியும். முகவரியுள்ள கோப்புக்களுக்கு அதுவே தக்கது.

ஆஸ்கிக் குறியீட்டிலே 28 முதல் 31 வரையான நான்கு இலக்கங்கள் பிரிப்பான்களுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு விசைப்பலகையில் தனி விசையில்லை. ஆகவே ஆள்வோர் அரியர்.