வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடம் போகும் வழியில் இருக்கிறது சேரப்பணஞ்சேரி. கார், டயர், செல்போன் என்று உலகத்துக்கே செய்து அனுப்பும் இந்த வட்டாரத்தில், ஷிஃப்ட் பஸ்களில் ஏறி இறங்குகிறவர்களில் ஏராளமானோர் பிளஸ் டூவையோ ஐ.டி.ஐ.யையோ முடித்த கையோடு வேலைக்கு வந்த பிள்ளைகள். வல்லம் வடகால் சிப்காட்டில் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். பதினெட்டு, பத்தொன்பது வயதில் கையில் சம்பளம், கையில் போன், அப்பா அம்மாவோ வேறு ஊரில். இந்த வயதில் காதல் வரத்தான் செய்யும். எந்த வார்டனாலும் அதைத் தடுத்துவிட முடியாது. ஆனால் அந்தக் காதலுக்குள் அடியும் மிரட்டலும் நுழைந்தால் அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? பெரும்பாலும் யாரிடமும் சொல்லாது. நம் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் உடைக்க வேண்டியது இந்த மௌனத்தைத்தான். அதை உண்டாக்கியவர்கள் பெரியவர்களாகிய நாம்.

காதலிலோ திருமண உறவிலோ இருந்த அனுபவமுள்ள 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 20 வயதுக்குள்ளேயே துணையின் அடியையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்துவிடுகிறார் என்று 2024-ல் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அந்த வன்முறை எடுத்த எடுப்பில் அடியாக வருவதில்லை. ‘எங்க இருக்க, வீடியோ கால்ல வந்து காட்டு’ என்று தொடங்கும். போனின் லாக் நம்பரைக் கேட்கும். பஸ் பத்து நிமிடம் தாமதமானால் கணக்குக் கேட்கும். பக்கத்து லைனில் நிற்கும் பையனிடம் பேசாதே என்று சொல்லும். பிறகு சம்பளக் கார்டு கைமாறும், அதன்பின் அறை விழும். விலகிப் போகிறேன் என்று அவள் சொல்லும் நாளில் கடைசி ஆயுதம் வெளியே வரும்: ‘போட்டோவை உங்க அப்பா வாட்ஸ்அப்புக்கு அனுப்பிடுவேன்.’ இந்த மிரட்டல் பலிப்பதற்கு அந்தப் படம் மட்டும் போதாது. படத்தைப் பார்த்தால் அப்பா என்ன செய்வார் என்று அவளுக்கு இருக்கும் பயமும் வேண்டும். படம் அவன் கையில் இருக்கிறது. பயத்தைக் கொடுத்தது வீடு.

தமிழ்நாட்டை உலுக்கிய இரண்டு வழக்குகளில் இந்தப் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. பொள்ளாச்சியில் ஒரு கும்பல் பெண்களிடம் நட்பாகப் பழகி, வரவழைத்து, வன்கொடுமை செய்து, அதைப் படமெடுத்தே மீண்டும் மீண்டும் மிரட்டியது. 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி புகார் கொடுக்கும்வரை பல பெண்கள் வாய் திறக்கவே முடியவில்லை. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பர் 23 அன்று, நண்பருடன் இருந்த மாணவியை மடக்கியவன், இருவரையும் வீடியோ எடுத்துவிட்டதாகச் சொல்லித்தான் பணியவைத்தான். காதலனோடு பேசியது வெளியே தெரிவதே ஒரு பெண்ணுக்குத் தண்டனை என்ற நிலை இருப்பதால்தான் முன்பின் தெரியாத ஒருவன்கூட அதைக் கையில் எடுக்க முடிந்தது. இரண்டு வழக்கிலும் புகார் கொடுத்தவரின் அடையாளத்தை அரசுத் தரப்பே கசியவிட்டது. இரண்டிலும் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அப்படியும் 2025 மே 13 அன்று பொள்ளாச்சி வழக்கில் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை. பேசினால் நியாயம் கிடைக்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? பேச வழி செய்வதுதான் பாக்கி.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் பேசினால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிட மாட்டோமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். பிள்ளைமேல் உள்ள அக்கறையில் எழும் கேள்வி அது. பதில் சொல்லியே ஆக வேண்டும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த யுனெஸ்கோ, பாலியல் கல்வியால் பிள்ளைகளின் பாலுறவு கூடுவதில்லை என்று 2018-ல் தெளிவாகவே எழுதியது. ஹரியானாவில் அரசுப் பள்ளி மாணவர்களிடம் ஆண்–பெண் சமத்துவம் பற்றி இரண்டரை ஆண்டுகள் வகுப்பறையில் உரையாடினார்கள். அவர்களின் எண்ணங்கள் மாறின, அந்த மாற்றம் பாடம் முடிந்து இரண்டு ஆண்டுக்குப் பிறகும் நிலைத்தது. நாம் பேசாவிட்டாலும் பிள்ளைகள் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அடியையும் அன்பையும் ஒரே வீட்டில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இரண்டும் வேறு என்று யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

போனைப் பிடுங்கு, விடுதியைப் பூட்டு என்பது அடுத்த யோசனை. குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றவாளி தெரிந்தவரே என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்லிவருகிறது. பூட்டு தெரியாதவனைத்தான் தடுக்கும். தெரிந்தவன் தொல்லை கொடுத்தால், போனைப் பறிகொடுத்த பிள்ளைக்கு உதவி கேட்கவும் வழியில்லாமல் போகிறது. பையன்களுக்கு ஒன்றும் ஆகாது என்பதும் பொய். 2007-ல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், ஏதாவதொரு பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்ன 53 சதவீதக் குழந்தைகளில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். அவர்களையும் யாரும் கேட்பதில்லை. மறுப்பை ஏற்றுக்கொள்வது அவமானமல்ல என்று அவர்களுக்குச் சொல்லித் தருவதும் இல்லை. 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் விலகிப்போன கல்லூரி மாணவியை ஓர் இளைஞன் ஓடும் ரயில் முன் தள்ளிக் கொன்றது, அந்தப் பாடம் இல்லாமல்போனதன் உச்சம்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க போக்சோ சட்டம்தான் இருக்கிறதே என்பார்கள். அந்தச் சட்டம் அவசியம். ஆனால் 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லாததால், மகளின் காதலை முறிக்கவும் சில பெற்றோர் அதையே பயன்படுத்துகிறார்கள். பருவ வயதுக் காதலில் விழுந்த பையனைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமல்ல என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். இத்தகைய வழக்குகளில் அவசரக் கைது வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழக டி.ஜி.பி. சுற்றறிக்கை அனுப்பினார். சம்மத வயதைக் குறைக்க வேண்டாம் என்று சொன்ன சட்ட ஆணையமும், 16–18 வயதினர் வழக்குகளில் தண்டனையை நீதிபதி முடிவு செய்ய இடம் தரலாம் என்றது. வயது பற்றிய விவாதம் தொடரட்டும். மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வரும், போலீஸ் வந்தால் ஊருக்கே தெரியும் என்று அஞ்சி, உண்மையிலேயே அடிபட்ட பதினேழு வயதுப் பெண் சிகிச்சைக்கே போகாமல் இருப்பதைத்தான் உடனே மாற்ற வேண்டும். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவர் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குத் தரும் தகவலில் மருத்துவர் அவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரிலேயே கூறிவிட்டது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையமும் இதை அறிந்திருக்க வேண்டும்.

தொழிற்சாலைகளுக்கும் பொறுப்பு உண்டு. 2013-ன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி கம்பெனி பஸ்ஸும் பணியிடம்தான். உள்புகார்க் குழுவின் பெயர்ப் பட்டியல் நோட்டீஸ் போர்டில் தொங்கினால் போதாது. சேரும் முதல் வாரமே ஒப்பந்தத் தொழிலாளி உட்பட எல்லோருக்கும் அதை விளக்க வேண்டும். புகார் சொன்னதற்காக விடுதியை விட்டோ வேலையை விட்டோ அனுப்ப மாட்டோம், வீட்டுக்குத் தகவல் சொல்ல மாட்டோம் என்று எழுத்தில் தர வேண்டும். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, இணைய மிரட்டலுக்கு 1930 என்ற எண்களை விடுதிச் சுவரில் எழுத வேண்டும். அந்தரங்கப் படம் வெளியானால் புகார் வந்ததும் சமூக ஊடக நிறுவனம் விரைந்து நீக்க வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்வதையும், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கென மாவட்டந்தோறும் உள்ள சகி மையத்தில் சிகிச்சை, சட்ட உதவி, தங்குமிடம் எல்லாம் இலவசம் என்பதையும் சொல்லித் தர வேண்டும்.

ஆனால் எந்தச் சட்டமும் எண்ணும் வேலை செய்ய, பிள்ளை முதலில் வாய் திறக்க வேண்டும். ‘எது நடந்தாலும் என்கிட்ட சொல்லு, படிப்பை நிறுத்த மாட்டேன், வேலையை விடச் சொல்ல மாட்டேன், அவசரமா கல்யாணம் பண்ணி வைக்க மாட்டேன்’ என்று பெற்றோர் முன்கூட்டியே வாக்குக் கொடுக்க வேண்டும். காதலைப் பெற்றோர் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. காதலை ஏற்காத அப்பாவும் மகளை அடித்தவனுக்கு எதிராக மகள் பக்கம் நிற்கலாம். அப்படி நிற்பார் என்று அவள் உறுதியாக நம்பும்போது அவன் கையில் இருக்கும் படத்துக்கு மதிப்பில்லாமல் போகும். அந்த நம்பிக்கையைக் கொடுக்க எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.